வரைபடத்தோடு நின்ற நகரங்கள்

திருவாரூரைச் சேர்ந்த கட்டடக்கலை மாணவி ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். வகுப்பில் காட்டப்படும் கட்டப்படாத பெருநகரத் திட்டங்களின் படங்களைப் பார்க்கும்போது ஏக்கமாக இருக்கிறது, பணம் மட்டும் கிடைத்திருந்தால் அவை எழுந்திருக்குமா என்பது முதல் கேள்வி. நம் காவிரிப் படுகையிலும் அப்படி எழாமல் போனவை உண்டா என்பது இரண்டாவது. இறுதியாண்டு ஆய்வுக்கு எதை எடுத்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. நகரமைப்பு வரைபடங்களை வரைவதிலும், வரைந்ததைத் தரையில் போய் அளந்து சரிபார்ப்பதிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டு இப்போது கும்பகோணத்தில் ஓய்வாக இருப்பவன் நான். எனக்குத் தெரிந்தவரை விடை எழுதுகிறேன்.

பணமில்லாமல் நின்றது என்பது கோப்பில் எழுதுவதற்கு வசதியான காரணம். யாரையும் புண்படுத்தாத காரணம் என்பதால் அதிகாரிகளுக்கும் அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. ஆனால் நின்றுபோன திட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், இந்தத் தரை யாருடையது, இந்தத் தரை எவ்வளவு தாங்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமலேயே படம் வரைந்தவர்கள்தாம் பெரும்பாலும் வழியில் நின்றிருக்கிறார்கள். அதோடு, கட்டப்படாத திட்டம் ஒன்றும் செய்யாத திட்டம் என்று நீங்கள் நினைத்திருந்தால் அதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். நகரம் எழாமல் போகலாம். அதற்காகப் போட்ட கோடு நிலத்தின்மேல் பல காலம் கிடக்கும்.

முதலில் லண்டனை எடுத்துக்கொள்வோம். 1666 செப்டம்பரில் அந்த நகரம் நான்கு நாள் எரிந்தது. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் 87 தேவாலயங்களும் சாம்பலாயின. தீ அணைந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், செப்டம்பர் 11ஆம் தேதி, கிறிஸ்டோபர் ரென் என்பவர் புது லண்டனுக்கான வரைபடத்தை மன்னரிடம் கொடுத்தார். அகலமான நேர்த்தெருக்கள், அவை கூடும் இடங்களில் சதுக்கங்கள், ஆற்றங்கரையில் நெடிய துறை என்று பார்ப்பதற்கு அழகான படம் அது. ஜான் ஈவ்லினும் ராபர்ட் ஹூக்கும்கூட ஆளுக்கொரு படம் போட்டார்கள். வீடுகள் எல்லாம் எரிந்துவிட்டதால் தரை வெறுமையாகிவிட்டது என்று அவர்கள் கருதினார்கள். வீடு எரிந்தாலும் மனையின் உரிமை எரிவதில்லை. உரிமையாளர்கள் தத்தம் கடைக்காலைத் தேடி எடுத்து, அங்கேயே திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். அத்தனை பேருடைய உரிமையையும் மதிப்பிட்டு ஈடு கொடுத்து எல்லைகளை மாற்றி வரைய அன்றைய அரசிடம் நேரமும் இல்லை, பணமும் இல்லை. அடுத்த ஆண்டு வந்த சட்டம் செங்கல்லாலோ கல்லாலோதான் கட்ட வேண்டும் என்றது, சில தெருக்களை அகலப்படுத்தியது, வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான வழக்குகளைத் தீர்க்கத் தனி நீதிமன்றம் ஒன்றை அமைத்தது. அந்தச் சிறு மாற்றங்கள்தாம் நின்றன. ரென் பிறகு அதே பழைய தெருக்களுக்கிடையே தூய பவுல் பேராலயத்தையும் ஐம்பதுக்கும் மேற்பட்ட தேவாலயங்களையும் கட்டினார் என்பதைப் பார்க்கும்போது, படம் நின்றுபோனதில் அவருக்கேகூடப் பெரிய நஷ்டமில்லை என்று தோன்றுகிறது.

இதே கதையின் இன்னொரு வடிவம் நம் தஞ்சாவூரில் நடந்திருக்கிறது; அதை வகுப்பில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் 1914இல் பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே வந்தார். அடிப்படையில் அவர் உயிரியலாளர்; ஊரையும் ஓர் உயிராகவே பார்க்கப் பழகியவர். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை வழியிலேயே எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசி நம் பாட்டன்மாரின் பேச்சில் நிலைத்துப்போன அதே எம்டன்தான். படங்களை மீண்டும் திரட்டி 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பிறகு மாகாணத்தின் நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். அவற்றுள் தஞ்சாவூரும் ஒன்று.

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நெருக்கமான வீடுகளும் சந்துகளும் இருந்த ஒரு பகுதியில் நெரிசலைக் குறைக்க, வீடுகளை இடித்து நேர்த்தெருக்களை வெட்டுவது என்பது அன்றைய திட்டம். கெடிஸ் அந்தச் சந்துகளில் நடந்தார். எந்த வீடு இடிந்து கிடக்கிறது, எந்த மனை காலியாக இருக்கிறது, எங்கே ஒரு மரம் நிற்கிறது, எங்கே ஒரு சுவரைச் சற்று உள்ளே தள்ளினால் வண்டி போகும் என்று பார்த்தார். பாழடைந்த வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடங்களைச் சிறு திறந்தவெளிகளாக ஒன்றோடொன்று இணைத்தாலே காற்றும் வெளிச்சமும் வந்துவிடும், நல்ல வீடுகளை இடிக்க வேண்டியதில்லை, குடியிருப்பவர்களைத் துரத்தவும் வேண்டியதில்லை என்பது அவருடைய மாற்றுத் திட்டம். உறுப்பைக் காத்துக்கொண்டு செய்யும் அறுவைச் சிகிச்சை என்று பொருள்படும் 'கன்சர்வேடிவ் சர்ஜரி' என்ற பெயரை அதற்கு வைத்தார். நகரமைப்புப் படிப்பில் உலகெங்கும் இன்றும் வழங்கும் அந்தச் சொல்லுக்கு எடுத்துக்காட்டாக அவர் காட்டிய இடங்களில் ஒன்று நம் தஞ்சாவூர்க் கோட்டை. குளங்களைப் பற்றியும் அவர் இந்திய அறிக்கைகளில் எழுதியிருக்கிறார்: கொசு வருகிறது என்று குளத்தைத் தூர்ப்பதைவிட, குளத்தைச் சுத்தம் செய்து மீனும் வாத்தும் விட்டால் அவையே கொசுவின் புழுக்களைத் தின்றுவிடும் என்பது அவருடைய வாதம். இதை நம் ஊர்க் கிழவி ஒருத்தி சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் அடியில் வளர்ந்த அலுவலகங்களில் அளவுகோல்தான் ஆட்சி செய்தது. சந்தில் நடந்து பார்த்துவிட்டுக் கோடு போடும் பழக்கம் எங்கள் காலத்திலும் அரிதாகவே இருந்தது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்தது தரை தாங்குமா என்ற கேள்வி. இதற்கு பெர்லினைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது. ஹிட்லரின் கட்டடக் கலைஞரான ஆல்பர்ட் ஷ்பியர் அந்த நகரத்தை உலகத் தலைநகராக மாற்றி வரைந்தார். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடும் மண்டபம், அதன்மேல் தரையிலிருந்து 290 மீட்டர் உயரத்துக்கு ஒரு குவிமாடம், நெடுஞ்சாலையின் மறுமுனையில் நூறு மீட்டரைத் தாண்டும் வெற்றி வளைவு. பெர்லின் மண் சதுப்பும் மணலும் கலந்தது. வளைவின் பாரத்தை அது தாங்குமா என்று சோதிக்க 1941இல் 12,650 டன் எடையுள்ள கான்கிரீட் உருளை ஒன்றை வார்த்து நிறுத்தினார்கள். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் அது 19 சென்டிமீட்டர் அமிழ்ந்தது. அனுமதிக்கத்தக்கது 6 சென்டிமீட்டர்தான். வளைவு எழவில்லை, உருளை மட்டும் இன்றும் அங்கே நிற்கிறது. எழாத அந்த நகரத்துக்காக இடிக்கப்பட்ட குடியிருப்புகளின் மக்களுக்கு வீடு தர யூதக் குடும்பங்கள் தங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அந்த உருளையை வார்த்ததில் போர்க்கைதிகளின் உழைப்பும் இருக்கிறது. ஆகவே பெர்லின் திட்டம் கட்டப்படவில்லை என்று நிம்மதி கொள்வதிலும் ஒரு பிழை இருக்கிறது.

மாஸ்கோவில் சோவியத்துகளின் மாளிகை என்ற அரசு மாமன்றக் கட்டடத்துக்கு இடம் வேண்டுமென்று 1931 டிசம்பரில் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். உச்சியில் லெனின் சிலையோடு 415 மீட்டர் உயரத்துக்கு போரிஸ் இயோஃபான் வரைந்திருந்தார். ஆற்றங்கரையில் கடைக்கால் தோண்டி, இரும்புச் சட்டகமும் எழும்பத் தொடங்கியபோது போர் வந்தது. சட்டகத்தைப் பிரித்துப் போர்த் தேவைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய பள்ளம் பின்னர் ஒரு மாபெரும் திறந்தவெளி நீச்சல்குளமாயிற்று. அதையும் 1994இல் மூடிவிட்டு, இடித்த பேராலயத்தையே பழைய வடிவில் மறுபடி கட்டினார்கள். எழுபது ஆண்டுகளில் அந்தத் துண்டு நிலம் பட்ட பாடு அவ்வளவு.

இரும்புச் சட்டகம் போருக்குப் போனதைப் படிக்கும்போது எனக்குக் கங்கைகொண்ட சோழபுரம்தான் நினைவுக்கு வரும். அது கட்டப்பட்ட நகரம். ஆனால் கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கீழணை எழுந்தபோது கோயிலின் மதிற்கற்கள் அங்கே கொண்டுபோகப்பட்டன. சோழர் தலைநகரின் கற்களின்மேல்தான் அணைக்கரைத் தண்ணீர் திரும்புகிறது. ஊர் கைவிட்ட பொருளை எப்போதும் ஏதோ ஒரு தேவை எடுத்துக்கொள்கிறது.

உயரமான எதையும் டெல்டாவில் நினைப்பவர் முதலில் தஞ்சைப் பெரிய கோயில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 1010இல் முடிந்த 216 அடி விமானத்தை ராஜராஜன் வண்டல் நடுவே நிறுத்தவில்லை. வல்லத்து மேட்டு நிலம் வந்து முடியும் விளிம்பில், வயல்வெளி தொடங்குவதற்கு முன்பாக உள்ள கெட்டித் தரையில் நிறுத்தினான். கிழக்கே போகப் போக மண் மாறுகிறது, ஊரின் வடிவமும் மாறுகிறது. உங்கள் திருவாரூரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் ஐவேலி, குளம் ஐவேலி, ஓடை ஐவேலி என்று சொல்வார்கள். ஒரு வேலி ஏறத்தாழ ஆறேமுக்கால் ஏக்கர் என்றால் ஒவ்வொன்றும் முப்பத்துமூன்று ஏக்கருக்குக் குறையாது. கட்டடத்துக்கு எவ்வளவோ அவ்வளவு தண்ணீர் நிற்பதற்கும், அவ்வளவே தண்ணீர் போவதற்கும் இடம் வேண்டும் என்ற கணக்கு அது. நான் பார்த்த முழுமைத் திட்டங்கள் எதிலும் இவ்வளவு தெளிவான நில ஒதுக்கீட்டு விகிதத்தைப் பார்த்ததில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேராக வருகிறேன். காவிரிக் கரையில் எழாமல் போனவற்றுள் மிகப் பெரியது ஒரு தலைநகரம். 1983இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். மாநிலத் தலைநகரைச் சென்னையிலிருந்து திருச்சிக்கு மாற்றும் யோசனையை முன்வைத்தார். மாநிலத்தின் நடுவில் இருக்கிறது, காவிரி பக்கத்திலேயே ஓடுகிறது, சென்னையோ குடிநீருக்குத் திண்டாடுகிறது என்பவை காரணங்கள். நவல்பட்டுப் பகுதி அதற்காகப் பேசப்பட்டது. எதிர்ப்பும் வந்தது, பிறகு யோசனை அடங்கிப்போயிற்று. 1987 டிசம்பரில் அவர் மறைந்தபின் எந்த அரசும் அதைத் தீவிரமாகக் கையில் எடுக்கவில்லை. உறையூரில் அவருக்காக வாங்கப்பட்ட பங்களாவும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருச்சிக்காரர்கள் எழுப்பும் கோரிக்கையும்தான் அதன் மிச்சம். நவல்பட்டில் இப்போது எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது.

இந்த யோசனையைக் கேலி செய்பவர்களோடு நான் முழுதாக உடன்படுவதில்லை. நவல்பட்டு புஞ்சைப் பக்கம். கல்லணைக்குக் கீழே உள்ள நஞ்சையைத் தொடாமல் ஒரு நகரத்தை விரிக்கக் கூடிய மேட்டு நிலம். இடத் தேர்வில் ராஜராஜனின் புத்தி கொஞ்சம் தெரிகிறது. அதில் காணாமல் போனது வேறொரு கணக்கு: தலைநகரம் என்பது செயலகக் கட்டடம் மட்டுமன்று. உயர் நீதிமன்றம், துறைமுகம், அங்கே மூன்று தலைமுறையாக வேர்விட்ட அலுவலர் குடும்பங்கள், அவர்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் எல்லாம் சேர்ந்ததுதான் தலைநகரம். கோப்புகளை லாரியில் ஏற்றிவிடலாம், குடும்பங்களை ஏற்ற முடியாது.

சென்னையின் தாகத்துக்கு அதற்கு முன்பே வேறொரு திட்டம் போடப்பட்டிருந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கீழணையிலிருந்து வடவாறு வழியாக நிரம்பும் வீராணம் ஏரித் தண்ணீரைக் குழாய் வழியே சென்னைக்குக் கொண்டுபோகும் வேலை 1960களின் இறுதியில் எடுத்துக்கொள்ளப்பட்டு 1970களில் பாதியில் நின்றது. ஒப்பந்தம் பற்றிய புகார் சர்க்காரியா ஆணையம் வரை போயிற்று. ஆள் நிமிர்ந்து நிற்கக் கூடிய கான்கிரீட் குழாய்கள் சாலையோரங்களில் வரிசையாகக் கிடந்தன. வீடில்லாத குடும்பங்கள் அவற்றுக்குள் அடுப்பு மூட்டிக் குடியிருந்தன. இரு முனையிலும் சாக்குத் துணி தொங்கிய குழாய்களைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்தவர்கள் என் வயதில் பலர் இருப்பார்கள். உலகத்தின் கட்டப்படாத திட்டங்களிலேயே மக்கள் உண்மையில் குடியேறி வாழ்ந்த திட்டம் அநேகமாக இது ஒன்றாகத்தான் இருக்கும். முப்பது ஆண்டுகள் கழித்து, 2004இல், ஏறத்தாழ 235 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய குழாய் வழியாக நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோகும் புதிய வீராணம் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தலைநகரம் காவிரிக்கு வரவில்லை. காவிரி தலைநகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. போகட்டும், குடிக்கிற தண்ணீர்தானே என்று சொல்லும் மனம் கடைமடையிலும் இருக்கிறது; ஆனால் மேட்டூர் திறப்பு தள்ளிப்போகும் ஆண்டில் அதே மனிதரிடம் போய்ப் பேசிப் பாருங்கள்.

திருச்சிக்குத் தலைநகரம் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்யத் தேவையில்லை. கிருஷ்ணைக் கரையில் அமராவதி அதை நடத்திக் காட்டியிருக்கிறது. ஆந்திரம் பிரிந்தபின் புதிய தலைநகருக்கான இடங்களை ஆராய்ந்த சிவராமகிருஷ்ணன் குழு, விஜயவாடா–குண்டூர் இடையிலான வளமான விளைநிலத்தை ஒரே பெருநகரமாக மாற்றுவது தகாது, அலுவலகங்களைப் பல இடங்களில் பரப்புவதே நல்லது என்ற கருத்தை 2014இல் தெரிவித்தது. அரசு அதைக் கேட்கவில்லை. விலைக்கு வாங்காமல், நிலத்தை ஒப்படைத்தால் பின்னால் மனையாகத் திருப்பித் தருகிறோம் என்ற ஒப்பந்தத்தின்படி ஏறத்தாழ 33,000 ஏக்கரை விவசாயிகளிடமிருந்து சேர்த்தார்கள். பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் புஞ்சை ஏக்கருக்கு 30,000 ரூபாய், நஞ்சைக்கு 50,000 ரூபாய் என்று தொடங்கி ஈட்டுத்தொகை. நிலமற்ற கூலித் தொழிலாளர் குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய். 2015 அக்டோபரில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். லண்டன் நிறுவனமான ஃபாஸ்டர் சட்டமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் படம் வரைந்தது. 2019இல் ஆட்சி மாறியதும் மூன்று தலைநகரங்கள் என்றார்கள். அரைகுறைக் கட்டடங்களைச் சுற்றி முட்புதர் வளர்ந்தது. நிலம் கொடுத்தவர்கள் 2021இல் திருப்பதி வரை நடந்தே போனார்கள். 2024இல் மறுபடி ஆட்சி மாறி, மறுபடி வேலை தொடங்கியிருக்கிறது. நமக்கு இதில் கவனிக்க வேண்டியது கொண்டவீட்டி வாகு என்ற காட்டாறு. திட்ட நிலத்தின் ஊடாக ஓடும் அது மழைக்காலத்தில் பெருகிப் பரவும் என்பதால், வெள்ளத்தை இறைத்துக் கிருஷ்ணையில் விடுவதற்குத் தனியாகப் பம்பு நிலையம் கட்ட வேண்டியதாயிற்று. நகரத்தின் முகப்புக் கட்டடங்களுக்கு முன்பாக வடிகால் பம்புதான் தயாராக இருந்தது.

நம் பக்கம் வந்தால், 2017 ஜூலையில் கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் 45 கிராமங்களில் 57,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பெட்ரோலிய, ரசாயன முதலீட்டு மண்டலத்துக்கான திட்டப் பகுதியாக அறிவித்தார்கள். தொழிற்சாலை, குடியிருப்பு, சாலை எல்லாம் அடங்கிய ஒரு தொழில் நகரம் என்றே அதைச் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது, இந்த அறிவிப்பும் திரும்பப் பெறப்பட்டது. இடையில் இரண்டரை ஆண்டு. சீர்காழிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் மகள் கல்யாணத்துக்காக மூன்று மா நிலத்தை விற்க நினைத்து, வாங்குவதற்கு ஆள் இல்லாமல், கடைசியில் வட்டிக்கு வாங்கிக் கல்யாணத்தை முடித்தார். அறிவிப்பு போய்விட்டது, வட்டி போக மேலும் நாளாயிற்று.

நிலம் காலியாக இருக்கிறது என்று நினைப்பது டெல்டாவில் மட்டும் செய்யும் தவறன்று. பாலைவனம்தானே என்று சவூதி அரேபியா 170 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே கோடாக நகரம் வரைந்த இடத்தில் ஹுவைதாத் பழங்குடி மக்களின் ஊர்கள் இருந்தன. கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1925இல் பாரிஸின் நடுப்பகுதியை வழித்தெடுத்துவிட்டு அடுக்குமாடிக் கோபுரங்கள் பதினெட்டை நிறுத்தப் படம் போட்டபோது, அந்தத் திட்டத்துக்குக் கார் தயாரிப்பாளரான வோய்சானின் பெயரே வைக்கப்பட்டது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் 1956இல் சிகாகோவுக்கு வரைந்த ஒரு மைல் உயரக் கட்டடத்தைப் பற்றி உங்கள் ஆசிரியர்கள் போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். அதை அவரே தன் வித்தையைக் காட்டுவதற்காக வரைந்தார் என்பது என் எண்ணம்.

ஆரோவில் வேறு வகை. 1968இல் தொடங்கியபோது ரோஜர் ஆன்ஜே வரைந்த சுருள் வடிவ நகரம் 50,000 பேருக்கானது. அரை நூற்றாண்டு கடந்தும் அங்கே வாழ்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். நகரம் வருவதற்காகக் காத்திருந்த காலத்தில், வறண்டு கிடந்த செம்மண் மேட்டில் அவர்கள் மரம் நட்டார்கள். படத்தில் வளையச் சாலை இருந்த இடத்தில் காடு வளர்ந்துவிட்டது. 2021 டிசம்பரில் அந்தச் சாலைக்காக மரங்களை வெட்ட இயந்திரங்கள் வந்தபோது ஊரே இரண்டாகப் பிரிந்து வழக்குமன்றம் போயிற்று. படமும் அவர்களுடையது, மரமும் அவர்களுடையது என்பதால் யார் பக்கம் நியாயம் என்று என்னால் எளிதாகச் சொல்ல முடியவில்லை.

இவற்றையெல்லாம்விடச் சின்னதாக, ஆனால் எங்கும் பரவிக் கிடப்பது திட்டச் சாலை. விரிவான வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும்போது பிற்காலத்தில் போடப் போகும் சாலைகளுக்கு வரைபடத்தில் கோடு போட்டுவிடுவார்கள். அந்தக் கோடு உங்கள் மனையின் குறுக்கே போனால் கட்டட அனுமதி கிடைப்பது கடினம். சாலையும் வராது, ஈடும் வராது. என் தாய்மாமன் 1980களில் இங்கே ஒரு மனை வாங்கி, பாதி மனை அறுபதடிச் சாலைக்குள் வருகிறது என்று தெரிந்து, இறக்கும்வரை அந்தப் பாதியில் மாட்டுக் கொட்டகைதான் போட்டிருந்தார். அந்தச் சாலை வடக்கே ஒரு வாய்க்காலிலும் தெற்கே ஒரு கோயில் நிலத்திலும் முட்டுகிறது. எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை என்பது கோடு போட்டவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 38ஆம் பிரிவு இருக்கிறது: இவ்வாறு ஒதுக்கிய நிலத்தைக் குறித்த மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால் அது விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும். வழக்குப் போட்டவர்களுக்கு அந்தப் பிரிவு பலமுறை கைகொடுத்திருக்கிறது. மாமாவுக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதை யாரும் சொல்லவில்லை. நானும் அப்போது சொல்லவில்லை. எனக்கே அது பின்னால்தான் தெரியும்.

நின்றுபோன எல்லாமே நின்றபடியே இருந்துவிடும் என்பதும் இல்லை. திருவரங்கத்துத் தெற்கு வாசலில் நாயக்கர்களுக்கும் முந்திய விஜயநகரக் காலத்தில் தொடங்கிய கோபுரம் அடித்தளத்தோடு நின்று, நானூறு ஆண்டுகளுக்கு மேல் மொட்டைக் கோபுரம் என்றே பெயர் பெற்றிருந்தது. 1979இல் அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் ஜீயர் வேலையைத் தொடங்கி, 13 நிலைகளோடு 236 அடிக்கு உயர்த்தி, 1987 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. அங்கே தரை யாருடையது என்ற வழக்கு இல்லை. கடைக்காலும் நூற்றாண்டுகளாகப் பாரம் சுமந்து பழகியிருந்தது.

ஆய்வுக்கு எதை எடுப்பது என்ற மூன்றாவது கேள்விக்கு, திருச்சித் தலைநகரத்தை எடுத்தால் நாளிதழ்ச் செய்திகள் நிறையக் கிடைக்கும், படங்கள் அதிகம் கிடைக்காது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கெடிஸின் தஞ்சாவூரை எடுப்பேன். அவர் எழுதி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் திறந்துவிடச் சொன்ன வகையான இடங்களில் இன்று என்ன இருக்கிறது, நான்கு ராஜ வீதிகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் காற்று எங்கே நுழைகிறது, அகழியின் எந்தப் பகுதி தூர்ந்திருக்கிறது என்று வீடு வீடாகப் பார்த்துக் குறிக்கும் வேலை அது. நகர நில அளவை வரைபடமும் பழைய புல வரைபடமும் கையில் இருக்கட்டும். கோடையில் போகாதீர்கள், ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் குடையோடு போய், தண்ணீர் எந்தச் சந்தில் நிற்கிறது, எந்த வீட்டுக்காரர் வாசலில் மண்மூட்டை அடுக்குகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். அளவுநாடாவை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.